பதினைந்தில் நின்றுவிடும் வேதியியல்

பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் 15 வாங்கி, மொத்தத்தில் 35-ஐத் தொட்டுவிட்டால் தேர்ச்சி. மீதி 30-இல் செய்முறைக்கு 20, உள்மதிப்பீட்டுக்கு 10. அந்த முப்பதில் பெரிதாக இழக்கும் மாணவர்கள் குறைவு. வினாத்தாளின் முதல் பகுதியில் இருப்பவை 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டு தொகுதிகளாக உள்ள பாடநூலில் இருப்பவையும் 15 அலகுகள். கடலூர், சிதம்பரம் வட்டாரப் பள்ளிகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இந்த மூன்று பதினைந்துகளைச் சுற்றியே கழிகின்றன.

அதற்கான வழிமுறைக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'புக் பேக்'. ஒவ்வோர் அலகின் முடிவிலும் இருக்கும் வினாக்களை விடையோடு மனப்பாடம் செய்வது, மறுநாள் காலை ஸ்லிப் டெஸ்ட் எழுதுவது, தவறினால் மதியம் மறுபடி எழுதுவது. தேர்ச்சி கடினம் என்று கருதப்படும் மாணவர்களுக்கு இதையும் சுருக்கி 'மினிமம் மெட்டீரியல்' தருகிறார்கள். சிதம்பரம் தேரோடும் வீதிகளை ஒட்டிய ட்யூஷன்களிலும் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் மாடி வகுப்புகளிலும் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், கட்டணம்தான் கூடுதல்.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேதியியலில் நினைவுக்கு நியாயமான இடம் உண்டு. பீனால், குளோரோபார்ம், சோடியம் ஹைட்ராக்சைடு மூன்றும் சேர்ந்தால் சாலிசிலால்டிஹைடு கிடைக்கும் என்பதை எந்தக் குழந்தையும் யோசித்துக் கண்டுபிடித்துவிட முடியாது; ரீமர்-டீமன் வினையாக அதைத் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். 'சேர்மம் ஏ, பி, சி-யைக் கண்டறிக' என்ற கேள்வியின் முன் உட்காரும் மாணவிக்குக் கானிசாரோ, ஆல்டால், ரோசன்முண்ட், ஹாஃப்மன் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். இவற்றைத் திரும்பத் திரும்ப எழுதி மனத்தில் ஏற்றுவதற்கு ஸ்லிப் டெஸ்ட் நல்ல கருவி. நேற்றுப் படித்ததை இன்று புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பதைவிடச் சிறந்த பயிற்சி எதையும் எந்தக் கல்வியாளரும் இன்னும் சொல்லிவிடவில்லை.

இந்த மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பள்ளி நாட்களைத் தின்றுவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சலும் அதன் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும். இவை பெயர் பெற்றவை. பெயரில்லாத விடுமுறைகள் ஆண்டுதோறும் உண்டு. இரண்டாம் தொகுதியில் உள்ள அயனிச் சமநிலை, மின்வேதியியல், கரிம வேதியியல் அலகுகள் பெரும்பாலும் இந்த மழைக்காலத்திலும் அதற்குப் பிறகும்தான் நடத்தப்படுகின்றன. நின்று நிதானமாக நடத்த வேண்டிய பாடங்களுக்கு நாள் இல்லாமல் போகிறது. காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்தோ கிள்ளையிலிருந்தோ வரும், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத மாணவனுக்கு அந்த நேரத்தில் 'இந்த இருபது கேள்வியைப் படி' என்று ஓர் ஆசிரியர் சொல்வது அவனைக் கைவிடாமல் இருப்பதற்கான வழி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோளாறு தொடங்குவது இதற்கு அடுத்த படியில். வேதிவினை வேகவியலில் ஒரு வினா உண்டு: முதல் வகை வினை 99.9 சதவீதம் நிறைவடைய, அரை வாழ்காலத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு நேரமாகும் எனக் காட்டுக. அனேகமாக எல்லோரும் எழுதிவிடுவார்கள். 2.303-ஐ வேகமாறிலியால் வகுத்து, லாக் 1000-க்கு 3 என்று போட்டு, 0.693-ஆல் வகுத்தால் 10 வந்துவிடும். அதே வினாவில் 99.9-ஐ 99 ஆக மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் பலர் அப்போதும் 10 மடங்கு என்றே முடிப்பார்கள். சரியான விடை ஏறத்தாழ 6.6 மடங்கு. அரை வாழ்காலம் என்றால் ஒவ்வொரு முறையும் இருப்பது பாதியாவது என்று புரிந்த மாணவிக்குச் சூத்திரமே வேண்டாம். பத்து முறை பாதியானால் மிஞ்சுவது 1024-இல் ஒரு பங்கு. அதாவது கிட்டத்தட்ட 0.1 சதவீதம். ஆறு முறை பாதியானால் 64-இல் ஒரு பங்கு, ஏழு முறையானால் 128-இல் ஒரு பங்கு. நூறில் ஒரு பங்கு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய கணக்கு. புக் பேக் மற்றவர்களுக்கு விடையைக் கொடுத்தது, பாதியாவதைக் காட்டவில்லை.

தேர்வுத் துறைக்கும் இது தெரியும். 1200 மதிப்பெண் காலத்தில், 150 மதிப்பெண் கொண்ட வேதியியல் எழுத்துத் தேர்வில், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்ற ப்ளூபிரிண்ட் இருந்தது. அதை வைத்துப் பாடங்களையே கழித்துக்கட்டும் கலை தமிழகம் முழுக்க வளர்ந்தது. 2017-இல் கொண்டுவரப்பட்ட மாற்றங்களில் ப்ளூபிரிண்டும் போனது. பிளஸ் டூவுக்கு 2019-20 கல்வியாண்டில் புதிய பாடநூல் வந்தது. இன்றைய வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியில் 24-ஆம் வினாவும் மூன்று மதிப்பெண் பகுதியில் 33-ஆம் வினாவும் கட்டாயம். வேறு வினாவைத் தேர்ந்து தப்பிக்க அங்கே வழியில்லை. கணக்காகவோ புத்தகத்தில் நேராக இல்லாத வினாவாகவோ வந்தால், மாணவர்கள் அதற்கு 'கிரியேட்டிவ்' என்று பெயர் வைத்து, கொஞ்சம் பயந்து, விட்டுவிடுகிறார்கள். 'ரெண்டும் சேர்த்து அஞ்சு மார்க்தானே, போகட்டும்' என்று சொல்லித்தரும் ட்யூஷன்களும் இருக்கின்றன.

அந்த ஐந்து மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றல்ல. பொறியியல் கட் ஆஃப் 200-இல் வேதியியலுக்கு 50. வேளாண் படிப்புக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தைத் தன் ஊரிலேயே பார்த்து வளரும் சிதம்பரத்துப் பிள்ளைக்கு இது தொலைவான சங்கதியும் அல்ல. தேர்ச்சிக்காக உருவான ஒரு முறையை, தேர்ச்சி பற்றிக் கவலையே இல்லாத மாணவர்களுக்கும் அப்படியே கொடுப்பதுதான் பெரிய தவறு. 15 எடுக்கத் தடுமாறுபவனுக்கும் 65-இல் நின்றுவிட்டவளுக்கும் ஒரே ஸ்லிப் டெஸ்ட், ஒரே இருபது வினாக்கள். ஆசிரியருக்கு அது வசதி, அவளுக்கு நஷ்டம்.

செய்முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெர்மாங்கனேட் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் கணம்தான் பருமனறி பகுப்பாய்வின் உயிர். அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்காமல், பியூரெட் அளவீட்டை எதிர்பார்த்த எண்ணுக்கு ஏற்ப 'அட்ஜஸ்ட்' செய்யக் கற்றுக்கொண்டால் 20-க்கு 20 வரும், வேறெதுவும் வராது.

என்னை அதிகம் உறுத்துவது பிளஸ் ஒன். பிளஸ் ஒன் பாடங்களை ஒப்புக்கு முடித்துவிட்டு முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கும் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் மோல் கணக்கும் வேதிச்சமநிலையும் பிளஸ் ஒன்னில் இருக்கின்றன. மோல் தெரியாமல் மின்வேதியியலில் ஃபாரடே கணக்கு போட முடியாது. சமநிலை தெரியாமல் அயனிச் சமநிலையில் தாங்கல் கரைசல் விளங்காது. 24-ஆம் வினாவையும் 33-ஆம் வினாவையும் விட்டுவிட்டு வருபவர்களில் பலர் அவற்றைப் பிளஸ் ஒன்னிலேயே விட்டவர்கள்.

சுற்றுச்சூழல் வேதியியலும் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கிறது. சிப்காட் ஆலைகளை ஒட்டிய குடிகாடு பகுதியில் வளரும் பிள்ளைக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் பாடம் வேறில்லை. இங்கே பாடம் வீட்டு வாசலில் கிடக்கிறது: நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் கரும்புப்பாகில் இன்வர்டேஸும் சைமேஸும் செய்யக்கூடிய வேலை, நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியின் கந்தகம், கடலூர் முதுநகர் துறைமுகத்து உப்புக்காற்றில் அரிக்கும் இரும்பு. இவற்றை ஒவ்வொன்றாகப் பத்து நிமிடம் சொன்னால் பாடத்திட்டம் பின்தங்கிவிடாது. நொதி வினையூக்கமும் மின்வேதி அரிமானமும் மறக்காமல் நிற்கும். புக் பேக்கில் இல்லை என்பதால் சொல்லப்படுவதில்லை.

ஆக, புக் பேக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்கிறேன். கட்டாய வினாவை ஆளாளுக்கு விட்டுக்கொடுக்காமல், வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்டிலாவது எண்ணை மாற்றிய கணக்கு ஒன்று இருக்கட்டும். பிளஸ் ஒன் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொதுத்தேர்வு இல்லாத இந்த ஆண்டில், மழை தொடங்குவதற்கு முன், ஜூலையிலும் ஆகஸ்டிலும் மோல் கணக்கை அவசரப்படாமல் நடத்துங்கள்.