கப்பலில் இரவுச் சாப்பாடு: குறித்த மேசையா, கிடைத்த மேசையா?

சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்கிறவர்கள் கேபின் எந்தத் தளத்தில், ஜன்னல் உண்டா, பால்கனி உண்டா என்று நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். படிவத்தின் கீழே வரும் ஒரு கேள்வியை மட்டும் யோசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். இரவுச் சாப்பாடு முதல் பந்தியிலா, இரண்டாம் பந்தியிலா, இல்லை நினைத்த நேரத்திலா? பயணத்தின் ஒவ்வொரு மாலையும் எப்படிக் கழியும் என்பதைப் பால்கனியைவிட இந்தப் பதில்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

பழைய முறை கறாரானது. மாலை ஆறு மணி வாக்கில் ஒரு பந்தி, எட்டு அல்லது எட்டரைக்கு இன்னொன்று. உங்களுக்கென்று ஒரு மேசை எண் தருவார்கள். முதல் இரவு அந்த மேசையில் யாருடன் உட்கார்ந்தீர்களோ, கடைசி இரவும் அவர்களுடன்தான். பரிமாறும் வெயிட்டரும் அவருடைய உதவியாளரும் மாறமாட்டார்கள். புதிய முறையில் இந்தக் கட்டு எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கூடம் மாலை திறந்து இரவு மூடும்வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். எந்த மேசை காலியோ அதில் உட்காரலாம். இன்று பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு பயணியையே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன.

இதை மரபுக்கும் சுதந்திரத்துக்கும் நடக்கிற போட்டியாகப் பேசுவது விளம்பரக்காரர்களுக்கு வசதி. அடிப்படை அத்தனை உயர்ந்ததல்ல. அது நாற்காலிக் கணக்கு. மூவாயிரம் பேர் போகிற கப்பலில் மூவாயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் இலை போட, அதாவது தட்டு வைக்க, இடம் ஒதுக்கினால் அந்தக் கூடம் நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். கல்யாண மண்டபத்தில் பந்தி பந்தியாக உட்காரவைப்பதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும். சீபோர்ன், சில்வர்சீ போன்ற சில நூறு பேர் மட்டும் செல்லும் உயர்விலைக் கப்பல்களில் பந்திப் பேச்சே கிடையாது. அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தாலும் உட்கார இடமிருக்கிறது. தலைக்கு எத்தனை நாற்காலி என்பதுதான் சுதந்திரத்தின் அளவுகோல். அந்த நாற்காலிக்கான விலை பயணச்சீட்டிலேயே சேர்ந்துவிடுகிறது.

நினைத்தபோது சாப்பிடுவது புதுமை என்பதும் பாதி உண்மைதான். 1905-இல் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் 'அமெரிகா' கப்பலில், ஐரோப்பிய ஹோட்டல் உலகில் கொடிகட்டிப் பறந்த ரிட்ஸின் பெயரில் ஒரு தனி உணவகம் திறந்தார்கள். பொதுக் கூடத்தின் நேரத்துக்குக் கட்டுப்படாமல், வேண்டியதைச் சொல்லி வாங்கி, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடலாம். 1912-இல் டைட்டானிக்கின் முதல் வகுப்புப் பயணிகளுக்கும் அப்படி ஓர் உணவகம் இருந்தது. காலை எட்டு மணி முதல் இரவு பதினொன்று வரை அது திறந்திருந்தது. அதே கப்பலின் மூன்றாம் வகுப்பில் நீண்ட மேசைகளும் குறித்த நேரமும்தான். கடிகாரத்தை மீறுவது அன்றைக்கே விற்பனைச் சரக்கு. வாங்க முடிந்தவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

அதை எல்லோருக்குமான சரக்காக்கியது நார்வேஜியன் குரூஸ் லைன். மலேசியாவின் கெந்திங் குழுமத்தைச் சேர்ந்த ஸ்டார் குரூசஸின் கைக்கு அந்த நிறுவனம் வந்தது 2000-இல். அதே ஆண்டில் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் குறித்த நேரம், குறித்த மேசை, கோட்டும் டையும் என்ற கட்டுகளை அது தளர்த்தியது. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, ராயல் கரீபியன், கார்னிவல், பிரிட்டனின் பி அண்ட் ஓ எல்லாம் ஆளுக்கொரு பெயர் சூட்டிப் பின்தொடர்ந்தன. ஆனால் நார்வேஜியன் பழையதைத் தூக்கியெறிந்துவிட்டது, மற்றவை எறியவில்லை. ஏன் எறியவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குறித்த மேசை என்ற முறையில் மூன்று முடிச்சுகள் ஒன்றாகக் கிடக்கின்றன: நேரம், உடன் உண்பவர், பரிமாறுபவர். மூன்றையும் ஒரே பொட்டலமாக வைத்து 'பிடிக்கும்', 'பிடிக்காது' என்று பேசுவதால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை. பழைய முறையை வெறுப்பவர்கள் பெரும்பாலும் நேரத்தை வெறுக்கிறார்கள். அதை விடமாட்டேன் என்பவர்கள் பரிமாறுபவரை விடமாட்டேன் என்கிறார்கள். நடுவில் இருக்கும் மேசைக்கூட்டாளிகள் ஒரு சூதாட்டம்.

நேரத்தை வெறுப்பவர்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. மத்தியதரைக் கடலில் நேப்பிள்ஸ், பார்சிலோனா என்று நாளுக்கொரு துறைமுகமாகப் போகும் பயணத்தில், ஊர் சுற்றிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பவே மாலையாகிவிடும். முதல் பந்திக்காரர் குளிக்கக்கூட நேரமில்லாமல் ஓட வேண்டும். அலாஸ்காவில் வேறு சங்கடம். ஜூன் மாதத்தில் ஜூனோ நகரில் சூரியன் மறையவே இரவு பத்து மணியாகிறது. திமிங்கிலம் தெரிகிறது என்று மேல்தளத்தில் கூட்டம் கூடும் நேரத்தில், கீழே சூப் ஆறிக்கொண்டிருக்கும். ஸ்பெயின்காரர்களுக்கு ஒன்பது மணிக்கு முன் சாப்பிடுவது சாப்பாடே இல்லை. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு எட்டரை மணி நடுராத்திரி. இதற்கெல்லாம் மேலாக, முதல் பந்தியில் ஒரு மறைமுக விரட்டல் உண்டு. அடுத்த பந்திக்கு மேசைவிரிப்பு மாற்றி, கரண்டி முள்கரண்டி அடுக்கி ஆக வேண்டுமே. அதனால் இனிப்பும் காபியும் கையோடு கையாக வந்துவிடும். யாரும் எழுந்திருங்கள் என்று சொல்லமாட்டார்கள், சொல்லாமலே புரியும்.

ஆனால் கடிகாரத்தை எடுத்துவிட்டால் நேரச் சிக்கல் தீர்ந்துவிடுகிறதா? எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் எல்லோரும் ஏழு மணிக்கும் ஏழரைக்கும்தான் வருகிறார்கள். மனிதனின் பசியும் கலையரங்கின் காட்சி நேரமும் அப்படி. வாசலில் வரிசை நிற்கிறது. கையில் ஒரு பேஜரைக் கொடுத்து, 'இது அதிரும்போது வாருங்கள்' என்கிறார்கள். இப்போது பல கப்பல்களில் பேஜரின் இடத்தைக் கைப்பேசிச் செயலி எடுத்துக்கொண்டது. நினைத்த நேரத்தில் சாப்பாடு என்று காசு கட்டியவர், இடம் கிடைத்த நேரத்தில் சாப்பிடுகிறார். வரிசையைத் தவிர்க்க ஒரு வழி சொல்லுவார்கள்: ஒவ்வொரு இரவுக்கும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். செய்தால் குறித்த நேரம் திரும்ப வந்துவிட்டது. குறித்த மேசையும் தெரிந்த வெயிட்டரும் மட்டும் வரவில்லை.

இந்த முரண் எவ்வளவு தூரம் போகும் என்பதை ராயல் கரீபியன் 2014-இல் காட்டியது. 'குவாண்டம் ஆஃப் தி சீஸ்' கப்பலில் ஒரே பெரிய சாப்பாட்டுக் கூடம் என்பதையே ஒழித்து, தனித்தனி உணவுப் பட்டியலோடு நான்கு உணவகங்களாகப் பிரித்தார்கள். 'டைனமிக் டைனிங்' என்று பெயர். காகிதத்தில் அழகான திட்டம்தான். நடைமுறையில், பயணிகள் கப்பலேறும் முன்பே எந்த இரவு எந்த உணவகம் என்று அட்டவணை போட வேண்டியதாயிற்று. ஓய்வுக்கு வந்தவர்களுக்கு இது ஓர் அலுவலக வேலை. பிறகு பழைய ஒழுங்கை விரும்புவோருக்கென்று இதற்குள்ளேயே ஒரு குறித்த நேர வகையைச் செருகிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே திட்டம் மொத்தமாகக் கைவிடப்பட்டது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் 'அதிகத் தெரிவு' என்பதே தோற்றுப்போன தெளிவான எடுத்துக்காட்டு இதுதான்.

பரிமாறுபவர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய முறையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. ஒரே வெயிட்டர் தினமும் வந்தால் இரண்டாம் நாளே அவருக்கு உங்களைத் தெரிந்துவிடும். ஐஸ் வேண்டாம், காபியில் சர்க்கரை வேண்டாம், அம்மாவுக்குக் கடினமான இறைச்சி ஆகாது. இதெல்லாம் சொகுசு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு, நீரிழிவுக்காரருக்கு, சைவருக்கு இது சொகுசு அல்ல, பாதுகாப்பு. நம்மவர்கள் இப்போது சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறுகிறார்கள். சைவம் என்றால் மீன் மட்டுமல்ல, முட்டையும் மீன் சாறும்கூடக் கிடையாது என்பதை ஒருமுறை ஹெட் வெயிட்டரிடம் விளக்கிவிட்டால் போதும். மறுநாளைய பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, இது செய்து தரட்டுமா என்று கேட்டுப் போவார். சமையலறைக்கும் ஒரு நாள் அவகாசம் கிடைக்கிறது. நினைத்த நேர முறையில் இந்த விளக்கத்தை ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு புது முகத்திடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறிப்பு கணினியில் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். குறிப்பைப் படித்தவருக்கும் உங்களைத் தெரிந்தவருக்கும் தூரம் அதிகம்.

பரிமாறுபவரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இதை யாரும் பேசுவதில்லை. பழைய முறையில் கடைசி இரவு ஓர் உறையில் டிப்ஸ் வைத்து, முகம் பார்த்துக் கொடுப்பார்கள். வெயிட்டர் நாளுக்கொருவராக மாறியபோது யாருக்கு உறை கொடுப்பது? அதனால் தலைக்கு இவ்வளவு என்று தினசரிச் சேவைக் கட்டணம் பயணியின் கணக்கில் தானாக ஏறத் தொடங்கியது. அது தொழிலாளிக்கு ஒரு வகையில் நல்லது. கடைசி இரவு சாப்பிட வராமலே நழுவிவிடும் பெரிய மனிதர்களின் தந்திரம் அதில் பலிக்காது. இன்னொரு வகையில், டிப்ஸ் என்பது நன்றி என்ற நிலையிலிருந்து கட்டணம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பது நிறுவனத்தின் கையில். மேசைக்கட்டு தளர்ந்ததில் நிறுவனத்துக்கு மற்றொரு ஆதாயமும் உண்டு. குறித்த மேசைக்காரர் ஒரு நாள் வராவிட்டால் கூட்டாளிகள் தேடுவார்கள். எந்த மேசையும் இல்லாதவரைத் தனிக்கட்டணம் வாங்கும் ஸ்டேக் உணவகத்துக்கு இழுப்பது சுலபம்.

மேசைக்கூட்டாளிகளைச் சூதாட்டம் என்றேன். நல்ல சீட்டு விழுந்தால் அதைப்போல் ஒன்றில்லை. அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1995-இல் கரீபியன் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணம் போய்வந்து எழுதிய நீண்ட கட்டுரை, இந்தத் தொழிலைக் கிழித்துத் தொங்கவிட்டது. அதிலும் அவர் ஓரளவு அன்போடு எழுதியது 64-ஆம் எண் மேசையில் தன்னோடு உட்கார்ந்தவர்களைப் பற்றி. தனியாகப் போனவருக்கு அந்த மேசை ஓர் ஊர். நினைத்த நேர முறையில் தனியாள் கதி வேறு. வாசலில் நின்று 'ஒருவர்தான்' என்று சொல்லி, இருவர் மேசையில் எதிர்நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். கட்டுகளை அவிழ்த்த நார்வேஜியனே 2010-இல் 'எபிக்' கப்பலில் தனியாளுக்கென்று 128 சிறு கேபின்களைக் கட்டியபோது, அவர்கள் கூடிப்பேச ஒரு பொது அறையையும் சேர்த்தே கட்டியது. மேசை செய்துவந்த வேலைக்கு வேறொன்று தேவைப்பட்டது.

கெட்ட சீட்டு விழுந்தால்? அரசியல் பேசியே உயிரெடுப்பவர், போன கப்பல் இதைவிட நன்றாயிருந்தது என்று தினமும் ஒப்பிடுபவர், வெயிட்டரை விரல் சொடுக்கிக் கூப்பிடுபவர். முதல் இரவே சொன்னால் மேசை மாற்றித் தருவார்கள். மூன்றாம் இரவில் மாறினால் அடுத்த நாள் லிஃப்டில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். நாகரிகம் கருதி வாரம் முழுக்கச் சகித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

மூன்று முடிச்சுகளையும் சேர்த்தே அவிழ்க்க வேண்டியதில்லை என்று கண்டுகொண்டவர்கள் இருக்கிறார்கள். டிஸ்னி 1998-இல் தன் முதல் கப்பலை இறக்கியபோது பயணிகளைத் தினம் ஓர் உணவகமாகச் சுற்றவிட்டது. வெயிட்டரும் மேசைக்கூட்டாளிகளும் கூடவே சுற்றினார்கள். இடம் மாறுகிறது, ஆள் மாறவில்லை. குழந்தைகளுக்கு இது மிகவும் பொருந்துகிறது. குனார்டின் 'குயின் மேரி 2' வேறு வழி கண்டது. விலையுயர்ந்த அறைகளில் தங்குபவர்களுக்கான அதன் 'கிரில்' உணவகங்களில் பயணம் முழுக்க உங்களுக்கென்று ஒரு மேசை காத்திருக்கும். சாப்பாட்டு வேளைக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதே கப்பலின் பிரிட்டானியா உணவகத்தில் பெருங்கூட்டத்துக்கு இரண்டு பந்திதான் வாடிக்கை.

என் தீர்ப்பும் இதுதான்: மேசையும் வெயிட்டரும் நிலையாக, நேரம் மட்டும் தளர்வாக இருப்பதே சிறந்தது. அது கப்பலின் விலையுயர்ந்த அறைகளில் தங்குபவர்களுக்கு மட்டும் கிடைப்பது தற்செயல் அல்ல. ஒருவருக்காக ஒரு மேசை மாலை முழுக்கக் காலியாகக் காத்திருக்க வேண்டுமானால் அந்தக் காலி நாற்காலிக்கு யாராவது பணம் கட்ட வேண்டும். மற்றவர்களிடம் பொருளாதாரம் ஒன்றைக் கேட்கிறது: நேரத்தைக் கொடு, அல்லது ஆளைக் கொடு. நினைத்த நேரச் சாப்பாட்டை விற்பவர்கள், பயணி ஆளை இழக்கிறார் என்பதைச் சொல்வதில்லை. என் குறை அவர்கள்மேல் அதுதான்.

ஆகவே பதிவுப் படிவத்தின் அந்தக் கேள்வியை இனித் தாண்டாதீர்கள். தினம் ஒரு துறைமுகம் என்றால் நினைத்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏழு மணியை விட்டு ஆறுக்கோ எட்டரைக்கோ போனால் வரிசை குறைவாக இருக்கும். கடலிலேயே கழியும் நாள்கள் அதிகம் என்றாலோ, சைவச் சாப்பாடு வேண்டுமென்றாலோ, வயதானவர்கள் என்றாலோ, தனியாகப் போகிறவர்கள் என்றாலோ, குறித்த மேசையே நல்லது. நல்ல நேரப் பந்திகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பயணச்சீட்டோடு சேர்த்தே அதையும் கேட்டு வாங்குங்கள். மேசை பிடிக்கவில்லையென்றால் முதல் இரவே எழுந்து போய் ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.