புல்லட்டின் ஸ்லோ

வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைச் சிலாகிக்கிறவர்கள் அநேகமாக அதன் பாரத்தையும் கம்பீரத்தையுமே பேசுகிறார்கள். வண்டி நிற்கும்போது எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைச் செவிகொடுத்துக் கேட்பவர்கள் வெகு சிலர். என் அபிப்பிராயத்தில், 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சினின் சௌந்தரியம் முழுவதும் அதன் ஸ்லோவில்தான் குடிகொண்டிருக்கிறது. கனத்த ஃப்ளைவீல் தன் பாரத்தினாலேயே சுழன்றுகொண்டிருக்க, ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே, நின்றேவிட்டதோ என்று மனம் ஒரு கணம் ஐயுற்று, அந்த ஐயம் முற்றுப்பெறுவதற்குள் அடுத்தது விழுகிறதே, விளம்ப காலத்தில் பல்லவியை எடுத்துக்கொண்ட வித்வானின் நிதானம் அது. ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்மீட்டர் முள்ளும் அதற்கு இசைந்து மெல்ல நடுங்கும்.

இந்த ஸ்லோவைக் கார்புரேட்டர் திருகைத் திருப்பி வரவழைத்துவிடலாம் என்று நினைப்பது பேதைமை. பாயின்ட் இடைவெளியும் டைமிங்கும் அவசியந்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் டாப்பெட். புதுப்பேட்டையில் நான் பல ஆண்டுகள் வண்டி விட்டுவந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, டாப்பெட் பார்க்க வேண்டும் என்று சொன்னால், ஸ்பேனரைத் தொடவே மாட்டார். “சூட்டுல பார்க்கக் கூடாது சார். ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க” என்பார். அவசரம் என்று எவ்வளவு மன்றாடினாலும் அந்த விரதத்தை அவர் விட்டதில்லை. அதில் நியாயம் இருந்தது. சிலிண்டரும் ஹெட்டும் சூடேறி விரியும்போது டாப்பெட்டில் இடைவெளி தானாகவே உண்டாகிவிடும். சூட்டில் இடைவெளியில்லாமல் வைத்துவிட்டால், எஞ்சின் குளிர்ந்தபின் வால்வு முழுக்க மூடாது. காலையில் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகும். நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வும் கருகும்.

மறுநாள் காலையில் அவர் வேலை செய்வதைக் கூடவே நின்று பார்ப்பதற்காக நான் சீக்கிரமே போய்விடுவேன். சிலிண்டரின் வலப்பக்கத்துச் சிறு மூடியைக் கழற்றி, கிக்கரைக் கையால் அழுத்திப் பிஸ்டனைக் கம்ப்ரஷனின் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ்ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டுவார். ராட் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் மயிரிழைகூட ஆடக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஸ்தானத்தை எந்த ஃபீலர் கேஜும் காட்டாது. விரல்தான் காட்ட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது செட்டிங் சற்றே நகர்ந்துவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. அந்த நகர்வை முன்கூட்டியே கணித்து, அதற்கு வேண்டிய அளவு மட்டும் தளர்த்தி வைத்து, பிறகு இறுக்குவதில்தான் அவருடைய வித்தையெல்லாம் இருந்தது. இறுக்கியபின் எஞ்சினை முழுச் சுற்றுகள் சுற்றிவிட்டு மறுபடியும் உருட்டிப் பார்க்காமல் மூடியைப் போட்டு அவர் மூடியதே இல்லை.

ஜாவா, எஸ்டி பக்தர்களோடு எனக்கு விரோதம் எதுவுமில்லை; மைசூரில் பிறந்த அந்த வண்டிகளின் இரட்டைச் சைலன்ஸர் நாதத்துக்கும் ஒரு வசீகரம் உண்டு. ஆர்.எக்ஸ். 100-இன் துடிப்பைப் புகழ்கிறவர்கள் சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் டூ ஸ்ட்ரோக்கில் புஷ்ராடும் இல்லை, டாப்பெட்டும் இல்லை. விரல் நுனியின் ஞானத்துக்கு அங்கே வேலை குறைவு. 2009-இல் வெளிவந்த கிளாசிக்கின் எஞ்சினிலோ ஹைட்ராலிக் டாப்பெட் அந்த இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்கிறது. எண்ணெய் கசியாத, நம்பத்தகுந்த எஞ்சின்தான், சந்தேகமில்லை. ஆனால் திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் வார்த்தெடுக்கப்பட்ட அந்தப் பழைய எஞ்சினை ஒருவர் விரலால் உயிர்ப்பிக்க முடிந்ததே, அந்தச் சம்பந்தம் புதியதில் இல்லை.

இப்போது புல்லட் வாங்குகிற இளைஞர்களில் பலர் செய்கிற முதற்காரியம் கம்பெனி சைலன்ஸரைக் கழற்றி எறிவது. உள்ளே தடுப்பே இல்லாத குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு, காது கிழியும் ஓசையை நாதம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதன் பலனை எங்களைப் போன்றவர்களும் அனுபவிக்கிறோம். ஒருநாள் மாலை, அண்ணா சாலைச் சிக்னல் ஒன்றில், அப்படிப்பட்ட வண்டிகளோடு சேர்த்து என்னையும் ஓரங்கட்டினார்கள். புல்லட் என்றாலே அபராதம் என்ற தோரணையில் ரசீது எழுதத் தொடங்கிய இளம் காவலரிடம், ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன், கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று வேண்டினேன். அவர் இசையவில்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த வயதான உதவி ஆய்வாளர்தான் அருகில் வந்து, “ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். டிகம்ப்ரஸரை அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் உதைத்தேன். சிறிது நேரம் காதுகொடுத்துவிட்டு, டாப்பெட் யாரிடம் பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார்; இலாகா புல்லட்டில் பல வருஷம் ரோந்து போனவராம். என்னைப் போகச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குத் தயங்காமல் ரசீது எழுதச் சொன்னார். அது முற்றிலும் நியாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, ஒலி வரம்பை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதைக் கடுமை என்று நான் சொல்ல மாட்டேன். நம் காவலர்கள் வண்டியின் பெயரைப் பார்க்காமல் அதன் ஓசையைக் கேட்டு அபராதம் விதிக்க வேண்டும் என்பது ஒன்றே என் விண்ணப்பம்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விரலால் டாப்பெட் வைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் ஓரிருவரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியை ராத்திரி விட்டுவிட்டு, மறுநாள் காலையில் உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போய், அந்த ராடை ஒருமுறை அவர்கள் கையாலேயே உருட்டிப் பார்க்கச் செய்யுங்கள்.