அடுப்படி வகுப்பும் அடுத்த தெருவும்

திருநெல்வேலிச் சீமைக்குக் கிறிஸ்தவம் பள்ளிக்கூடத்தையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்தது. 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த காலம் தொட்டு, ஊரில் ஒரு சபை கூடினால் பக்கத்திலேயே பிள்ளைகள் எழுத்துக் கூட்டும் சத்தமும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்திய உபதேசியாரே பல ஊர்களில் மற்ற நாட்களில் வாத்தியார். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். இந்தியாவுக்கே வந்திராத ஆங்கிலேயப் பெண் சாராள் தக்கரின் பெயரில் பாளையங்கோட்டையில் 1895இலேயே பெண்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. இப்படிப்பட்ட சீமையின் வடக்கே, சங்கரன்கோவிலில், ஒரு கிறிஸ்தவத் தம்பதி “பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்ல, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போறோம்” என்றால் சொந்தபந்தம் திடுக்கிடத்தான் செய்யும். ஆச்சி டீச்சர் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் இப்படித் துணிகிற வீடுகள் குறைவு. ஆனால் கொரோனாக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக்கிடந்தபோது எல்லா வீடும் கொஞ்ச நாள் வீட்டுப்பள்ளியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு இது யாருக்கும் புரியாத யோசனையாக இல்லை. விசுவாசிகளின் வீடுகளில் இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, மூன்றரை வயதுப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் உட்கார்த்தி எழுத வைக்கிற கொடுமை. இன்னொன்று, உலகத்தின் கறை படியாமல் கர்த்தருக்குள் வளர்க்கவேண்டும் என்பது. முதல் காரணத்தில் நியாயம் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018இல் சொல்லவேண்டி வந்தது. இரண்டாவது காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டுப்பள்ளி என்றதும் எல்லோரும் முதலில் எழுப்பும் ஆட்சேபம் வீட்டு இரைச்சல்தான். காலை எட்டு மணி வீட்டைப் பாருங்கள். குடும்ப ஜெபம் முடிந்தாயிற்று. தண்ணீர் விடுகிற நாள் என்பதால் வாசலில் குடங்கள். பின்தெருவில் விசைத்தறி ஓடும் சத்தம். மூத்தவளுக்கு ஆறு வயது, அடுத்தவனுக்கு நாலு, கைக்குழந்தைக்குப் பத்து மாதம். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது மூத்தவள் ‘ழ’வின் சுழியில் சிக்கிக்கொண்டிருக்கிறாள். தம்பி அவள் பென்சிலைப் பிடுங்குகிறான். கைக்குழந்தை சிலேட்டுக்குச்சியை வாயில் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வாசலில் குரல்: “ஸ்தோத்திரம் சிஸ்டர்! அந்தக் கடைசி வீட்டு ஆச்சிக்கு ராத்திரியெல்லாம் மூச்சு முட்டலாம். ஒரு எட்டு போய் ஜெபிச்சிட்டு வந்திருவமா?” பாடம் அத்தோடு சரி.

என்னைக் கேட்டால், வீட்டுப்பள்ளியின் குறைகளில் ஆகச் சின்னது இதுதான். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளில் உட்கார்ந்து படிக்கவேண்டிய பாடம் எவ்வளவு? வீட்டுக் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), ஆறு வயது வரை முறையான பாடமே வேண்டாம் என்றவர். அதன் பிறகும் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர் கட்சி. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு டீச்சர் தனியாக ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைக்க எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால், இரண்டு விசிலுக்கு நடுவே அம்மா கொடுக்கிற கால்மணி நேரம் தோற்றுப்போகாது. பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊரில் முழம் போட்டுப் பிள்ளை கணக்குப் படிக்கலாம். ஆச்சி வீட்டுக்குக் கூடவே போன ஆறு வயதுக்காரி, நோயாளி இருக்கும் அறையில் எப்படிப் பேசாமல் உட்காரவேண்டும் என்று கற்றிருப்பாள். அதற்கு எந்தப் பள்ளியிலும் பீரியடு கிடையாது.

இரைச்சலுக்கும் ஓர் எல்லை உண்டுதான். ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றுமில்லை. கன்வென்ஷன், கொழுந்தனார் கல்யாணம், அடுத்த பிரசவம் என்று மாதக்கணக்கில் விட்டுப்போகிறபோதுதான் சிக்கல். கதை விட்ட இடத்தில் காத்திருக்கும், கணக்கு காத்திராது. கடன் வாங்கிக் கழித்தலைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

கிறிஸ்தவ வீட்டுக்கென்று ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. அதை வீட்டுப்பள்ளிக்காரர்களே போதுமான அளவு சொல்வதில்லை. இராத்திரி ஜெபத்தில் வேதத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றில் வாசிக்கிற பழக்கம் அது. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அப்பா சொல்லச் சொல்ல அது திருப்பிச் சொல்லும். கொஞ்சம் தெரிந்த பிள்ளை எழுத்துக் கூட்டும். தன் வசனம் எப்போது வரும் என்று விரல் வைத்துக் காத்திருக்கும். நேபுகாத்நேச்சாரில் தடுக்கி விழுந்து, எழுந்து, அடுத்த வாரம் தடுக்காமல் தாண்டிப்போன பிள்ளைக்கு அப்புறம் எந்த நீளமான சொல்லும் பயம் தராது. பலபேர் காதுபட வாய்விட்டு வாசிப்பது, தப்பினால் சிரிக்காமல் திருத்துவது, தினமும் நடப்பது, காசு கேட்காதது என இத்தனை குணமும் உள்ள வாசிப்புப் பயிற்சியை அரசும் பெரிய திட்டம் போட்டுத்தான் கொண்டுவரவேண்டியிருக்கிறது.

ஆனால் இதே வீட்டில்தான் ஒரு பெரிய ஏமாற்றும் நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுத்துப் பழகிய நமக்கு, பிள்ளை ஒப்பித்தால் படித்த மாதிரி. ஐந்து வயதுப் பிள்ளை 23ஆம் சங்கீதத்தை வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘வாசிக்கும்போது’ அதன் விரலைக் கவனியுங்கள். வாய் ஐந்தாம் வசனத்தில் இருக்கும், விரல் இரண்டாம் வசனத்திலேயே நிற்கும். அதே பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி இராஜபாளையம் போர்டைப் படிக்கச் சொன்னால் முழிக்கும். பள்ளியில் இது ஏதோ ஒரு தேர்வில் பிடிபட்டுவிடும். வீட்டில் மார்க் போடுகிறவரும் பெருமைப்படுகிறவரும் ஒருவரே என்பதால் வருடக்கணக்கில் பிடிபடாமல் போகலாம்.

இந்தப் பயத்தில் சில பெற்றோர் வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடத்திட்டங்களை வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1970இல் தொடங்கிய ஏ.சி.இ. (ஆக்ஸிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) இதில் பேர்பெற்றது. சின்னச் சின்னப் பயிற்சிப் புத்தகங்கள். பிள்ளை தானே படித்து, தானே விடைப்பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அந்த முறையை நடத்தும் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபுறமும் தடுப்பு வைத்த மேசை. சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் கொடியை நட்டுவிட்டுப் பெரியவர் வரும்வரை காத்திருக்கவேண்டும். அவர்களுடைய பழைய அறிவியல் பாடம் ஒன்று, பரிணாமக் கொள்கை தப்பு என்பதற்கு ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிப் பூதத்தைச் சாட்சிக்கு அழைத்திருந்தது. கேலிக்கு ஆளான பிறகு அதை நீக்கினார்கள். பூதத்தை மன்னித்துவிடலாம். ஆளுக்கொரு வசனம் வாசித்து வளர்ந்த பிள்ளையைக் கொண்டுபோய்த் தடுப்புக்குள் தனியாக உட்காரவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தாய்மார் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால் சூசன்னாள் வெஸ்லியின் பெயர் வராமல் போகாது. பத்தொன்பது பெற்று, பத்துப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அந்த இங்கிலாந்துப் போதகர் மனைவி, எப்வொர்த்தில் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். ஐந்து வயது நிறைந்த மறுநாள் பாடம் தொடங்கும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மதியம் இரண்டு முதல் ஐந்து. ஒரே நாளில் எழுத்துக்கள் அத்தனையும், அடுத்து நேராக ஆதியாகமம் முதல் அதிகாரம். இதையெல்லாம் மகன் ஜானுக்கு 1732இல் எழுதிய கடிதத்தில் அவரே விவரித்திருக்கிறார். பிரசங்கங்களில் இதுவரைக்கும் வரும். மிச்சக் கதை வராது. அந்த ஜான் வெஸ்லி பத்து வயதில் லண்டனுக்கு சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்குப் போனார். அண்ணன் சாமுவேலும் தம்பி சார்லஸும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்குப் போனார்கள். மூன்று பையன்களும் ஆக்ஸ்போர்டில் படித்தார்கள். மகள் மெஹெற்றபெல் சிறு வயதிலேயே கிரேக்க வேதாகமத்தை வாசித்தவள். அவளுக்குப் போக ஒரு பள்ளியும் இல்லை. பிடிக்காத கல்யாணத்தில்தான் அவள் படிப்பு போய் முடிந்தது. ஒரே அம்மா, ஒரே பாடம். பையன்களுக்கு அது படிக்கட்டாயிற்று, பெண்களுக்கு அதோடு சரி. சூசன்னாளை முன்மாதிரி என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பெண்கள் கணக்கு அம்மாவிடமும் வந்து நிற்கிறது. வீட்டுப்பள்ளி வீடுகளில் அப்பா பிரின்சிபால், மற்ற எல்லா டீச்சரும் அம்மா. கூடவே ஆயாம்மாவும் அவர்தான், சத்துணவுக்காரரும் அவர்தான். பாட்டி ட்ரெயினிங் ஸ்கூலில் படித்து, தலைமுறையிலேயே முதல்முதலாகச் சம்பளம் வாங்கிய பெண்ணாக இருந்திருப்பார். பேத்தி எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டு, சம்பளமில்லாமல், லீவும் இல்லாமல், மூன்று மாணவரோடு அடுப்படியில் நிற்கிறார். அவர் விரும்பி ஏற்றதென்றால் நாம் சொல்ல ஒன்றுமில்லை. “ஆண்டவர் வெளிப்படுத்தினார்” என்று கணவர் சொல்லி ஏற்றதா என்பதை மட்டும் யாராவது தனியாகக் கேட்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. மீறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே இல்லை. அந்த மௌனத்தில்தான் இந்த வீடுகள் நடக்கின்றன. ஆனால் நாலு குடும்பம் சேர்ந்து சபை ஹாலில் தினமும் வகுப்பு நடத்தத் தொடங்கினால், அனுமதி பெறாத பள்ளி என்ற கேள்வி எழும். அப்படிப்பட்ட பள்ளி நடத்துவோருக்கு 18ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

இனி அந்த இரண்டாவது காரணம். பிள்ளைகளை மதிலுக்குள் வைத்து வளர்த்த முன்மாதிரி நம் பக்கத்திலேயே உண்டு. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் அரை நூற்றாண்டு வளாகத்துக்குள்ளேயே பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைத்தார். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளை மீட்டு வைத்திருந்தவருக்கு மதில் தேவைப்பட்டது. வெளியே தேடிக்கொண்டு ஆள் வரும். சங்கரன்கோவிலில் நம் பிள்ளையைத் தேடிக்கொண்டு யார் வருகிறார்கள்? கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் தெருவை நிறைக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டால் பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிடாது. பக்கத்து பெஞ்சுக்காரனோடு பொரி கடலை தின்றுகொண்டே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற பிள்ளையின் விசுவாசம் இளைத்துப்போகும் என்று நான் நம்பவில்லை.

இந்த ஊர்ப்பக்கத்துக் கறை எது என்று 2022 செப்டம்பரில் உலகமே பார்த்தது. சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்கள் தெருக்காரர்களுக்குப் பண்டம் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லும் வீடியோ அது. கைது, வழக்கு எல்லாம் நடந்தது. அந்தக் கடை வாசலில் நின்ற பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளரும் வாய்ப்பு பள்ளியில்தான் இருக்கிறது. பள்ளியிலும் சாதி இருக்கிறது, கையில் கலர்க் கயிறு கட்டிக்கொண்டு வருகிறது, 2023இல் நாங்குநேரியில் அரிவாளோடு ஒரு தலித் மாணவன் வீட்டுக்கே வந்தது. அதற்காகப் பள்ளியை விட்டு விலகுகிறவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன், அவர்கள் அடிவாங்குகிற பக்கம் இருந்தால். அடிக்கிற பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு பரிசுத்தம் காப்பதாகச் சொன்னால் அந்தக் கறை வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். “அதுதான் சண்டே ஸ்கூல் இருக்கே, அங்க எல்லாரோடயும் பழகுறாங்களே” என்ற பதிலும் எடுபடாது. நம் பக்கத்துச் சபைகள் பலவும் ஒரே சாதிக்காரர்களின் சபைகள் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆகவே என் கணக்கு வயதைப் பொறுத்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வருடங்களை வீட்டிலேயே கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை, இரைச்சலோடு, ஆளுக்கொரு வசனத்தோடு. அம்மா சம்மதித்து, அப்பாவும் தினம் ஒரு பாடம் எடுத்தால் இன்னும் நல்லது. ஆறு, ஏழு வயதுக்கு மேல் ஒவ்வொரு வருடமும் வீட்டின் பக்கம் நியாயம் குறைந்துகொண்டே போகிறது. அதற்கு மேலும் வீட்டிலேயே வைத்திருக்கிறவர்கள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்கவேண்டும் என்பது முதற்கொண்டு விசாரித்துவைப்பது நல்லது. திரும்பி வர நினைக்கிறவர்களுக்குத் தயக்கம் வேண்டாம். பள்ளிக்கே போயிராத பிள்ளையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது.