கடல் ஏன் ஓடியது?

திருப்பாடல் 114 எட்டே வசனங்கள் கொண்ட சிறு கவிதை. எகிப்தின் அடிமைத்தளையினின்று இஸ்ரயேல் வெளியேறியதைப் பாடும் அதில் கடல் ஓடுகிறது. யோர்தான் பின்னோக்கித் திரும்புகிறது. மலைகள் ஆட்டுக்கிடாய்களாய்த் துள்ளுகின்றன. எதைக் கண்டு? கவிஞர் உடனே கூறுவதில்லை. கடலையும் ஆற்றையும் மலையையும் முன்னே நிறுத்தி, உங்களுக்கு நேர்ந்தது என்ன என வினவுகிறார். ஆண்டவரின் திருமுன்னே நிலம் நடுங்கட்டும் என்னும் விடை ஏழாம் வசனத்தில்தான் பிறக்கிறது. இத்தாமதமே கவிதையின் உயிர்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, சுமத்ராவின் கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி உள்ளிட்ட காரைக்கால் மீனவ ஊர்களைச் சூறையாடியது. அதனை இறைவனின் சினம் என்று விளக்கியோரும் உண்டு. அதற்கு இப்பாடலைச் சான்று காட்டுவோமாயின், கவிதையைத் தலைகீழாக வாசித்தவர்கள் ஆவோம். இங்கே கடல் எளியோர்மீது பாயவில்லை. அடிமைகள் நடந்து செல்ல வழிவிட்டு விலகுகிறது. ஆழிப்பேரலை நம் மக்களை ஏன் தாக்கியது என்பதற்கு இப்பாடல் விடை தரவில்லை. ஆனால் இறைவல்லமை எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

இறுதி வசனத்தைக் காண்போம். மலைகளை நடுங்கவைத்த அதே வல்லமை பாறையைத் தடாகமாகவும், கடுங்கல்லை நீரூற்றாகவும் மாற்றுகிறது. பேரதிர்ச்சியில் எழும் கவிதை, தாகம் கொண்டோரின் குடிநீரில் அமைதியுறுகிறது. அழிக்கும் ஆற்றலைவிட வாழ்விக்கும் ஆற்றலே பெரிதென்று கவிஞர் உரைக்கவில்லை, வரிசையால் உணர்த்துகிறார். கடல்நீர் புகுந்து கிணறுகள் உப்பேறியதைக் கண்ட நம் கரையோர மக்களுக்கு அவ்வசனத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.