முதல் மேக்ரோ லென்ஸ்: இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள்

மாவிலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அச்சு அசல் முசுறு மாதிரியே ஒரு சிலந்தியும் திரியும். நிறம், இடுப்பின் ஒடுக்கம், நடை எல்லாமே எறும்புதான். கால்களை எண்ணினால் மட்டும் எட்டு! இந்த வேடத்தைப் படத்தில் கலைத்துக் காட்ட மேக்ரோ லென்ஸ் வேண்டும். கடைக்குப் போனால், "எத்தனை எம்எம் வேணும் சார்?" என்று நம்மையே கேட்பார்கள். புதிதாகக் கேமரா பிடித்தவருக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நம்மூரில் பலர் கையில் இருப்பது கேனான் 1500டி போன்ற தொடக்கநிலைக் கேமரா. அதில் ஐந்து லென்ஸ்களை மாட்டிப் பார்த்தேன்: கேனான் ஈஎஃப்-எஸ் 35 எம்எம், ஈஎஃப்-எஸ் 60 எம்எம், டாம்ரான் 90 எம்எம், கேனான் ஈஎஃப் 100 எம்எம், அதன் அண்ணனான 100 எம்எம் எல். ஏற்கெனவே உள்ள ஜூம் லென்ஸின் முன்னால் மாட்டும் ரேனாக்ஸ் கண்ணாடிகளையும் சேர்த்துக்கொண்டேன். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்து லென்ஸ்களும் பூச்சியை ஒரே அளவுக்குத்தான் பெரிதாக்குகின்றன. லென்ஸின் முகத்துக்கும் பூச்சிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குத்தான்.

1:1 என்பது எவ்வளவு?

பூச்சியின் அளவும் சென்சாரில் விழும் அதன் பிம்பத்தின் அளவும் சமமாக இருந்தால் அது 1:1. 1500டியின் சென்சார் அகலம் 22.3 மி.மீ. ஆகவே 1:1இல் ஃப்ரேமுக்குள் அடங்குவது 22.3 மி.மீ. அகலம் மட்டுமே. 8 மி.மீ. நீள முசுறு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடிக்கும். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் அதிகபட்சம் ஏறக்குறைய 1:3 வரைதான் போகும். அதில் அதே எறும்பு ஃப்ரேமின் எட்டில் ஒரு பங்குதான்.

இதிலிருந்தே ஒரு முடிவுக்கு வரலாம். எருக்கஞ்செடியில் வந்து அமரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி சிறகை விரித்தால் 7, 8 செ.மீ. இருக்கும். 1:1இல் அது ஃப்ரேமுக்குள் அடங்கவே அடங்காது. பட்டாம்பூச்சி, தட்டான், பூக்கள் மட்டுமே உங்கள் ஆசை என்றால் கையில் இருக்கும் ஜூமே போதும். சில 70-300 ஜூம்களில் 'மேக்ரோ' என்று அச்சிட்டிருப்பார்கள். அவை பெரும்பாலும் 1:2 வரைதான். அந்த வேலைக்கு அதுவே தாராளம். எறும்பு, தாவும் சிலந்தி, ஈயின் கண் என்று இறங்கும்போதுதான் 1:1 லென்ஸ் தேவைப்படுகிறது.

பெட்டியில் எழுதாத தூரம்

விவரக் குறிப்பில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' என்று ஓர் எண் இருக்கும். அது லென்ஸின் முனையிலிருந்து அளந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் தலையில் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டுவதுபோல ஒரு குறி இருக்கும். அதுதான் சென்சார் இருக்கும் தளம். கேனான் டிஎஸ்எல்ஆர்களில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை 44 மி.மீ. அதையும் லென்ஸின் நீளத்தையும் கழித்தால்தான் பூச்சிக்கு மிஞ்சும் இடம் தெரியும்.

ஈஎஃப்-எஸ் 35இன் குறைந்தபட்சத் தூரம் 130 மி.மீ. அதில் 44 போக, லென்ஸின் நீளம் 56 போக, மிச்சம் வெறும் 30 மி.மீ. ஈஎஃப்-எஸ் 60க்கு 200 மி.மீ. தூரம், ஏறக்குறைய 70 நீளம், மிச்சம் 86. சாதா 100 எம்எம்முக்கு 310 மி.மீ. தூரம், 119 நீளம், மிச்சம் 147. எல் லென்ஸுக்கு 300 மி.மீ. தூரம், 123 நீளம், மிச்சம் 133. டாம்ரான் 90 ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீள்வதால் கடைசியில் சுமார் 10 செ.மீ.தான் மிஞ்சுகிறது. எந்தக் கம்பெனி லென்ஸாக இருந்தாலும் வாங்கும் முன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

கையில் பிடித்தபோது

ஈஎஃப்-எஸ் 35 எஃப்/2.8 ஐஎஸ் எஸ்டிஎம் (2017): 190 கிராம்தான். லென்ஸின் முகத்தைச் சுற்றியே எல்இடி விளக்கு. இடது பாதியை மட்டும், வலது பாதியை மட்டும் எரியவிடலாம். நாணயம், தபால்தலை, நகை, சாப்பாட்டுத் தட்டு ஆகியவற்றுக்கு அருமை. ஆனால் 3 செ.மீ. நெருக்கத்தில் முசுறுக் கூட்டத்தின் முன் நீட்டினால் எறும்பு லென்ஸின் மேலேயே ஏறிவிடுகிறது. தாவும் சிலந்தியோ இலைக்குப் பின்னால் ஓடிவிடுகிறது. நிக்கான்காரர்கள் விரும்பும் டிஎக்ஸ் 40 எம்எம் மைக்ரோ, சோனியின் 30 எம்எம் மேக்ரோ இரண்டுக்கும் இதே சிக்கல் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

ஈஎஃப்-எஸ் 60 எஃப்/2.8 யுஎஸ்எம் (2005): 335 கிராம். ஃபோகஸ் செய்யும்போது நீளாது, சத்தம் போடாது. 1500டியில் மாட்டினால் 96 எம்எம் லென்ஸின் பார்வைக்கோணம் கிடைப்பதால் ஆட்களின் முகப்படத்துக்கும் நன்றாக உதவுகிறது. காலை வெயில் ஏறும் முன், பூச்சிகள் சோம்பிக் கிடக்கும் நேரத்தில் இந்த 9 செ.மீ. போதும். பத்து மணிக்கு மேல் போதாது. இதில் அதிர்வுத் தடுப்பு கிடையாது. நாளை ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆருக்கு மாறினால் ஈஎஃப்-எஸ் வகை லென்ஸ் எதுவும் அதில் பொருந்தாது.

டாம்ரான் 90 எஃப்/2.8: 1979 முதல் இந்த 90 எம்எம் வரிசையை டாம்ரான் புதுப்பித்துக்கொண்டே வருகிறது. நான் பிடித்துப் பார்த்தது 272ஈ என்ற பழைய வகை, 405 கிராம். படத்தின் கூர்மையில் இரட்டை விலை லென்ஸ்களோடு தோள் சேர்ந்து நிற்கிறது. குறைகளும் உண்டு. ஆட்டோஃபோகஸ் மெதுவாகவும் சத்தமாகவும் இயங்குகிறது. மேக்ரோவில் கையால் ஃபோகஸ் செய்வதே வழக்கம் என்பதால் அது பெரிதாக உறுத்தவில்லை. நிக்கான் டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய டாம்ரானை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலையே செய்யாது.

ஈஎஃப் 100 எஃப்/2.8 யுஎஸ்எம் (2000): 600 கிராம். ஐந்தில் அதிக இடைவெளி தருவது இதுதான். பதினைந்து செ.மீ. என்பது காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் லென்ஸின் நிழல் பூச்சியின் மேல் விழாமல் இருப்பதும், ஃப்ளாஷ் வெளிச்சம் நுழைய வழி கிடைப்பதும் இந்த இடைவெளியால்தான். சிலந்தி திரும்பி நம்மை முறைக்கிற வரை காத்திருக்கவும் முடிகிறது.

ஈஎஃப் 100 எஃப்/2.8 எல் ஐஎஸ் (2009): தூசு, ஈரம் புகாத கட்டமைப்பும் அதிர்வுத் தடுப்பும் இதன் சிறப்பு. கேமரா சாய்வதால் வரும் ஆட்டத்தோடு பக்கவாட்டில் நகர்வதால் வரும் ஆட்டத்தையும் இது தடுக்கிறது. சாதாரணத் தூரத்தில் நான்கு ஸ்டாப் வரை உதவும் என்று கேனான் சொல்கிறது. 1:1இல் அது இரண்டு ஸ்டாப்பாகக் குறைந்துவிடும். வியூஃபைண்டரில் காட்சி ஆடாமல் நிற்பது பெரிய சுகம். மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் தாலியையும் மோதிரத்தையும் எடுக்கும் கல்யாணப் படக்காரருக்கு இது முதலீடு. ஃப்ளாஷ் போட்டு எறும்பு எடுப்பவருக்கு அவசியமில்லை. ஃப்ளாஷின் நொடி வெளிச்சமே அசைவை உறையவைத்துவிடும்.

லென்ஸே வாங்காமல்

1500டியோடு 55-250 ஜூமும் சேர்த்து வாங்கியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்பது 4.8 டயாப்டர் கண்ணாடி. அதன் குவியத்தூரம் சுமார் 208 மி.மீ. ஜூமை 250இல் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் 250ஐ 208ஆல் வகுத்த அளவு, அதாவது 1.2 மடங்கு உருப்பெருக்கம். பூச்சி ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளியே இருக்கும்! ஜூமின் அதிர்வுத் தடுப்பும் கைவிட்டுப் போகாது. 8 டயாப்டர் கொண்ட டிசிஆர்-250 இரண்டு மடங்கு தரும். பழக்கமில்லாத கைக்கு அது அடங்காது. விலை, ஒரு மேக்ரோ லென்ஸின் விலையில் சிறு பங்குதான். ஓரங்கள் சற்று மங்கும். ஜூமைக் குறைத்தால் மூலைகள் இருளும். கண்ணாடி மாட்டியிருக்கும்வரை தூரத்துப் பறவையை எடுக்க முடியாது. இவ்வளவுதான் குறை.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப்பும் மலிவுதான். ஆனால் 50 எம்எம் லென்ஸோடு சேர்க்கும்போது இடைவெளி மறுபடி சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மின்தொடர்பு இல்லாத மலிவு ட்யூப் வாங்கினால் அபெர்ச்சரைக் கேமராவிலிருந்து மாற்றவும் முடியாது.

மிச்சக் காசு வெளிச்சத்துக்கு

1:1இல் எஃப்/11 வைத்தாலும் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முசுறின் கண் தெளிந்தால் வயிறு மங்கும். அதற்காக எஃப்/22க்குப் போகவும் கூடாது. 1:1இல் உண்மையான துளை எண் எழுதியிருப்பதைப் போல இரு மடங்கு; எஃப்/11 என்பது எஃப்/22 போலத்தான் நடந்துகொள்ளும். அதற்கு மேல் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மழுங்கும். அவ்வளவு சின்னத் துளைக்கு வெயில் வெளிச்சம் மட்டும் போதாது. கேமராவின் சொந்த ஃப்ளாஷைத் திறந்தால் நீளமான லென்ஸே குறுக்கே நின்று நிழல் போடும். ஆகவே தனி ஃப்ளாஷ் ஒன்றும் அதன்மேல் போர்த்த ஒரு வெள்ளை டிஃப்யூசரும் வேண்டும். மேனுவல் முறையில் 1/200 நொடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்குங்கள். ஃபோகஸ் வளையத்தை 1:1இல் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் கணத்தில் க்ளிக் செய்யுங்கள்.

பழையது வாங்கினால்

மேக்ரோ லென்ஸைப் பழையதாக வாங்குவதில் தவறே இல்லை. கடலோர ஊர்களின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம் என்பதால் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூலிழை தெரிந்தால் வாங்காதீர்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, 1:1 வரை ஃபோகஸ் தடங்கலின்றிப் போகிறதா என்றும் பார்க்கவும். வாங்கியபின் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். கேமரா வாடகைக் கடை பக்கத்தில் இருந்தால் ஓரிரு நாள் எடுத்துப் பழகிவிட்டு முடிவு செய்வது இன்னும் நல்லது.

தீர்ப்பு

55-250 கையில் இருந்தால் ரேனாக்ஸ் 150, ஒரு ஃப்ளாஷ். முதல் வருடத்துக்கு இது போதும். மேக்ரோதான் என் வழி என்று தெரிந்துவிட்டால் பழைய ஈஎஃப் 100 யுஎஸ்எம். பணம் கொஞ்சம் இடித்தால் டாம்ரான் 90. முகப்படமும் பூவும் கலந்து எடுப்பவருக்கு 60 எம்எம். நகை, உணவு, நாணயம் என்றால் 35. எல் லென்ஸ் தொழில்முறைக்காரருக்கு. பின்னாளில் கேனானின் ஆர் வகை மிரர்லெஸ் கேமராவுக்குப் போனாலும் இந்த ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டரோடு வேலை செய்யும். போட்ட பணம் வீணாகாது.

ஒரு வேண்டுகோள். பூச்சி அசையாமல் இருக்கட்டும் என்று அதை ஃப்ரிட்ஜில் வைப்பதும், கூடு இருக்கும் கிளையை ஒடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதும் வேண்டாம். அவை ஓடாமல் இருக்கத்தான் அந்தப் பதினைந்து சென்டிமீட்டருக்குக் காசு கொடுக்கிறோம்.