மெட்டில் யார் பாடுகிறார்கள்?

பல்லடத்தில் தேர்தல் வந்தால் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு போவார்கள். காலையில் ஒரு சின்னம், மத்தியானம் எதிர்ச் சின்னம், மெட்டு மட்டும் அதே சினிமா மெட்டு. கார்த்திகை பிறந்தால் அதிலேயே ஐயப்பன். 'சொந்தமா ஒரு மெட்டுப் போட வக்கில்லைங்க' என்று இலக்கிய நண்பர்கள் சிரிப்பதுண்டு. எனக்கு அந்தச் சிரிப்பில் சம்மதமில்லை.

ஜமைக்காவில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். பாட்டில்லாத தாளக்கட்டுக்கு 'ரிடிம்' என்று பெயர். 1985இல் கிங் ஜாமி, காஸியோ கீபோர்டுக்குள்ளேயே அடைத்து விற்ற ஒரு தாளத்தை எடுத்து வேய்ன் ஸ்மித்தைப் பாடவைத்தார். அந்த 'ஸ்லெங் டெங்' மேல் எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். இன்னொரு ரிடிமுக்குப் பெயரே 'திவாலி'. ஷான் பாலும் வேய்ன் வொண்டரும் அதில் வேறுவேறு பாட்டுப் பாடினார்கள். முன்னால் பாடியவனைக் கேட்டவர்களுக்குத்தான் பின்னால் பாடுகிறவன் பாடுகிறான். அர்த்தம் ஒரு பாட்டுக்குள் இல்லை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அங்கே தாளம் பொது. நமக்கு மெட்டே பொது. 'வர்ணமெட்டு' என்று பாட்டின் தலையிலேயே அச்சடித்தவர்கள் நாம். குஜிலிப் பாட்டுப் புத்தகத்தில் இன்ன மெட்டு என்று போட்டால் போதும், மிச்சம் வாசகன் காதில் இருக்கிறது.

பாரதியும் இதைச் செய்தார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனை ஆண்டையான வேதியர் சாதி சொல்லி ஏசுகிற பாட்டு உண்டு. (இந்த வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது.) அந்த மெட்டிலேயே, சுயராஜ்யம் கேட்கும் பாரதவாசியை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏசுவதாகப் பாரதி எழுதினார். எம்.ஏ. வகுப்பில் இதைத் தேசியப் பாட்டு என்று நடத்தினார்கள். மெட்டுக்குறிப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். அந்த ஒரு வரி போனால் பாதிப் பிரதி போச்சு.

மெட்டைக் காதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். சுயராஜ்யம் கேட்கிற மேல்சாதிக்காரனிடம், 'நீ உன் பண்ணையில் ஏசின குரல்தான் இது' என்று மெட்டு குத்திக்காட்டுகிறது. வார்த்தையில் அது இல்லை. ஆனால் இன்னொன்றும் கூடவே நடக்கிறது. நந்தன் பட்ட அவமானம் கைமாறித் தேசத்தின் அவமானமாகிவிடுகிறது. ஆண்டை நந்தன் இடத்தில் நின்று ஏச்சை வாங்கிக்கொள்கிறார். வயல் மட்டும் ஆண்டையிடமே இருக்கிறது. பாரதி எதை நினைத்து எழுதினார் என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்காத வாசிப்பு அரைகுறை வாசிப்பு.

எங்கள் பக்கத்து ஒயில் கும்மியிலும் ஒரே அடிக்குப் பல பாட்டு உண்டு. 2024இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் வட்டத்துக்குள் பெண்களையும் கொண்டுவந்தார். அதே அடிக்கு வேறு குரல் வந்தது. பொதுச்சொத்து என்று மெட்டைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மெட்டு பொதுதான், பாடுகிற முறை எல்லாருக்கும் வந்ததா? நந்தனை ஏசிய மெட்டில் நந்தன் வீட்டுப் பிள்ளை திருப்பிப் பாடுகிற பாட்டு எதையும் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.