வக்ஃபும் பத்திரமும்: எழுத்து சாட்சியா, நிபந்தனையா?

ஒரு நிலம் எந்தக் கணத்தில் வக்ஃபாகிறது? 2025ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தை ஆராய்வோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுவே. வக்ஃபு பத்திரம் எழுதப்படாமல் இனி எந்த வக்ஃபும் உருவாக்கப்படலாகாது என்று அச்சட்டம் விதிக்கிறது. நெடுங்காலப் பயன்பாட்டால் உருவாகும் வக்ஃபையும் இனிவரும் காலத்திற்கு அது நீக்கிவிட்டது.

எழுதுவதை நாம் எதிர்க்கவில்லை. கடனை எழுதிவைக்கப் பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை ஓதுவோர் அதனை எதிர்க்கவும் இயலாது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வக்ஃபு செய்த நிலத்திற்கு உமர் (ரலி) அவர்கள் தம் கிலாஃபத்தின்போது ஆவணம் எழுதச் செய்தார்கள். முஐகீப் (ரலி) எழுத, அப்துல்லாஹ் பின் அல்அர்கம் (ரலி) சாட்சியானார்கள் என்பது அபூதாவூதில் உள்ள செய்தி. அறம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. எழுத்து அதற்குச் சாட்சியாகப் பின்னர் வந்தது.

ஃபிக்ஹு மேதைகள் இதில் ஒருமித்த கருத்தினர் அல்லர். இமாம் அபூயூஸுஃபிடம் வாகிஃபின் சொல்லே போதும். இமாம் முஹம்மது, முதவல்லியிடம் ஒப்படைத்தலையும் வேண்டுவார். ஷாஃபிஈ மத்ஹபு தெளிவான மொழிதலைக் கேட்கும். வாழ்நாளில் செய்த வக்ஃபு மீளமுடியாததாவதற்குக் காழியின் தீர்ப்பை வேண்டியவர் இமாம் அபூஹனீஃபா. மத்ஹபின் ஃபத்வாவோ அவருடைய மாணவர் இருவரின் பக்கமே நின்றது. இவர்களுள் எவரும் பத்திரத்தை நிபந்தனையாக்கவில்லை. அசையாச் சொத்துக்குப் பதிவு ஆவணமோ உயிலோ வேண்டும் என்ற 1882ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டமும் வக்ஃபைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது.

ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியதைக் காட்ட வேண்டும் என்னும் விதி இதனினும் கடியது. திம்மியின் நற்பணி வக்ஃபையும் நிபந்தனைகளுடன் ஏற்றது ஹனஃபி ஃபிக்ஹு. ஈமானை அளக்கும் கோல் எந்த அலுவலரிடம் உள்ளது? இதைத் தீர்மானிக்க மாநிலங்கள் விதிகள் வகுக்கும்வரை, உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இவ்விதியை நிறுத்திவைத்தது. பயன்பாட்டு வக்ஃபின் நீக்கத்தை நிறுத்த மறுத்துவிட்டது.

விளைவு யாது? தம் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென மொழிந்த ஒருவர், பத்திரம் எழுதுமுன் மரணிக்கிறார் எனக் கொள்வோம். அபூயூஸுஃபின் கூற்றுப்படி அது வக்ஃபு. சட்டப்படி வாரிசுகளின் சொத்து. அவர்கள் அதனை விற்றால் எந்த நீதிமன்றமும் தடுக்காது. மறுமையின் விசாரணையோ எஞ்சி நிற்கும்.

சாட்சியை நிபந்தனையாக்கிய சட்டத்தை நாம் ஏற்பதற்கில்லை. அதன் திருத்தத்திற்காக வாதிடுவது நீடிக்கட்டும். அதுவரை, சொல்லுக்கும் பத்திரத்திற்கும் இடையே ஒருநாளும் கழியாதவாறு காப்பது ஜமாஅத்துகளின் அமானிதம்.